ஃபார்மேட் போடும் முன் வைஃபையைக் கழற்றிப் பாருங்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்





முக்கியமாக ஒரு வேண்டுகோளுக்காக எழுதுகிறேன். "ஹேங் ஆகுது" என்று ஒரு சிஸ்டம் உங்கள் மேசைக்கு வந்தால், ஃபார்மேட் போடுவதற்கு முன்னால், ரேமை மாற்றுவதற்கு முன்னால், போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்னால், அதிலிருக்கும் வைஃபை அடாப்டரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் விடுவதால்தான் எத்தனையோ பேரின் பணமும் கணக்கும் படிப்பும் வீணாகப் போகின்றன.

நம் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் நின்றால் அதோடு சேர்ந்து என்னென்ன நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் இணையத்தில் திறக்கும் காலையில் நெட் சென்டர் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். பணம் கட்டும் பக்கத்தில் திரை நின்றால், சிஸ்டம் மறுபடி எழுவதற்குள் டிக்கெட் தீர்ந்திருக்கும். ஈஏபிசெட் கவுன்சலிங்கில் கல்லூரி விருப்பம் பதிவு செய்யும் கடைசி நாளில் ஒரு பிள்ளையின் சிஸ்டம் நின்றால், போவது அந்தப் பிள்ளையின் ஒரு வருடம். மாம்பழ சீசனில் சித்தூர்க் கூழ்த் தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது எடைச்சீட்டு போடும் சிஸ்டம் ஹேங் ஆனால், தோட்டத்திலிருந்து காய் கொண்டுவந்த விவசாயி வெயிலில் நிற்பார்.

இந்தத் தொல்லை நம் பக்கம் எப்படிப் பெருகியது? 2011 நவம்பரில் மீசேவா திட்டம் தொடங்கப்பட்டது நம் திருப்பதியில்தான். அதன் பிறகு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அடங்கல் நகல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தன. 2017 டிசம்பரில் ஏபி ஃபைபர்நெட் மாதம் 149 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும், கரண்டு கம்பத்திலிருந்து ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தது. ஃபைபர் பெட்டியை வாசல் பக்கச் சுவரில் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது. நடுவில் லான் கேபிள் இழுக்காமல், இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்த யூஎஸ்பி வைஃபை டாங்கிளை வாங்கிச் செருகிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தோம். உள்ளே இருந்த வைஃபை கார்டு மட்டும் பழையதாகவே இருந்தது.

வைஃபை சரியில்லை என்றால் நெட்தானே போக வேண்டும், சிஸ்டமே ஏன் நிற்கிறது என்று வாடிக்கையாளர் கேட்பார். அவருக்குச் சொல்ல நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டேலி நின்றால் டேலியை மட்டும் மூடிவிடலாம். டிரைவர் அப்படியல்ல; அது விண்டோஸின் கெர்னலோடு சேர்ந்து, கெர்னலுக்கு உள்ள அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. காற்றில் ஒரு பாக்கெட் வந்ததும் வைஃபை கார்டு பிராசசருக்கு இன்டரப்ட் கொடுக்கும். பிராசசர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு டிரைவரைக் கவனிக்கும். மீதி வேலையை டிபிசி என்ற வரிசையில் வைத்து முடிக்கும். டிபிசி முடியும்வரை அந்தக் கோரில் வேறு எந்த நிரலும் ஓட முடியாது. பவர் சேவிங்கில் தூங்கிப்போன கார்டு பதில் தராமல் இருந்து, டிரைவரும் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தால், மௌஸ் நிற்கும், கடிகாரம் நிற்கும், ஓடிக்கொண்டிருந்த பாட்டில் ஒரு துண்டு மட்டும் கிர்ரென்று திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே டிரைவர்மேல் சந்தேகம் வர வேண்டும். விண்டோஸ் 8 முதல் இதற்கு ஒரு காவல் உண்டு. டிரைவர் அளவுக்கு மீறி நேரம் எடுத்தால் "டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்" என்று நீலத்திரை வரும். விண்டோஸ் 7இல் அதுவும் இல்லை. எந்தத் தடயமும் விடாமல் அப்படியே நிற்கும்.

சோதனையைத் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: நின்றது சிஸ்டமா, மௌஸா, டிஸ்பிளேயா? கேபிள் உள்ள கீபோர்டு ஒன்றைச் செருகி கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி எழும். திரை ஒரு முறை மினுக்கிப் படம் திரும்பினால் குற்றம் வைஃபையில் இல்லை. வயர்லெஸ் மௌஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஆவணமாக வெளியிட்டது. மௌஸ் ரிசீவர், வைஃபை டாங்கிள், யூஎஸ்பி 3 பென்டிரைவ் மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தால், பென்டிரைவில் ஃபைல் ஏறும்போது மௌஸ் தடுமாறி நிற்கும், நெட்டும் விழும். சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு சிறிய யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

உண்மையான ஹேங் என்று தெரிந்துவிட்டால், வரிசை மாறாமல் போங்கள். டாங்கிளாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள். லேப்டாப் உள்ளே இருக்கும் கார்டாக இருந்தால் பயாஸில் வயர்லெஸ் லானை அணையுங்கள். அந்த வசதி இல்லை என்றால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கார்டையே கழற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்வது முதல் பார்வைக்கு உதவும். ஆனால் கார்டு போர்டிலேயே மின்சாரத்தோடு இருப்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு, எந்த வேலையின்போது நின்றது என்று வாடிக்கையாளர் சொன்னாரோ அதே வேலையைக் கொடுங்கள். நெட் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். போன் வழியாக வரும் நெட்டில் வைஃபை டிரைவருக்கு வேலையே இல்லை. அதே சிஸ்டம், அதே விண்டோஸ், அதே வீடியோ ஓடியும் ஹேங் வரவில்லை என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மறுபடி டாங்கிளைச் செருகியதும் ஹேங் திரும்பினால் அதுவே உறுதி. சேஃப் மோடும் ஒரு வழி. சாதாரண சேஃப் மோடில் நெட்வொர்க் டிரைவர் ஏறாது. அதில் ஒழுங்காக ஓடுகிற சிஸ்டம் வழக்கமான பூட்டில் நிற்கிறது என்றால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

பதிவுகளையும் படியுங்கள். ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தால் ஹேங் ஆன நாட்கள் சிவப்புக் குறியோடு வரிசையாகத் தெரியும். ஹேங் தொடங்கிய நாளை ஒட்டி ஏதாவது டிரைவர் அப்டேட் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: முறையாக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி எழுந்தது. ஹேங் ஆன சிஸ்டத்தைப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் வரும். அதை நம்பி நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்குச் சற்று முன்னால் வைஃபை டிரைவர் பெயரில் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று மேலே பாருங்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டினால் எந்த டிரைவர் டிபிசியில் அதிக நேரம் பிடிக்கிறது என்பதைப் பெயரோடு காட்டும்.

இனி ஃபார்மேட்டைப் பற்றி. ஃபார்மேட் போட்டதும் இரண்டு நாள் ஓடும். பிறகு மறுபடி ஹேங். ஏன்? புது விண்டோஸ் ஏறி நெட் வந்ததும், விண்டோஸ் அப்டேட் அந்தக் கார்டை அடையாளம் கண்டு, நாம் எந்த டிரைவரை அழித்தோமோ அதையே திரும்பக் கொண்டுவந்து ஏற்றிவிடும். நோய் அப்படியே இருக்கிறது. போனது வாடிக்கையாளரின் டேட்டா. திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி ஒருவரின் லேப்டாப் அப்படித்தான் என்னிடம் வந்தது. வேறொரு கடையில் ஃபார்மேட் ஆகி, பிறகும் நின்றுகொண்டிருந்தது. ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் பேக்கப் இல்லாமல் அழிந்திருந்தன. கார்டைக் கழற்றியதும் லேப்டாப் மாலைவரை நிற்காமல் ஓடியது. அந்தப் பிள்ளை லேப்டாப்பைப் பார்க்கவில்லை. இயல்கள் திரும்பக் கிடைக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

இப்போது டாங்கிளை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே மாடலில் முதல் பதிப்புக்குள் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது; இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் 8188. பெயர் ஒன்று, தேவைப்படும் டிரைவர் வேறு. டிவைஸ் மேனேஜரில் பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் சிப் யாருடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். விஐடி 0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ரலிங்க் அல்லது மீடியாடெக், 0சிஎஃப்3 என்றால் ஏதெரோஸ். அந்த எண்ணுக்குரிய டிரைவரை மட்டும் ஏற்றுங்கள். டாங்கிளோடு வந்த மினி சிடியையும், "எல்லா டிரைவரும் ஒரே பேக்கில்" என்று வரும் மென்பொருளையும் ஒதுக்கி வையுங்கள்.

டிரைவரே தேவையில்லை என்று விற்கும் டாங்கிள்களில் சில, செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவாக நடித்து, டிரைவர் ஏறிய பிறகுதான் வைஃபையாக மாறும். டாங்கிள் செருகியபடியே பூட் செய்யும்போது சிஸ்டம் லோகோவிலேயே நின்றால், பயாஸ் அந்த சிடியிலிருந்து பூட் ஆகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். மின்சாரத்தையும் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர்தான். கேபினட் முன்பக்கத்து மெல்லிய ஒயரில் அதுவும் சரியாக வந்து சேராது. பின்பக்கம், போர்டோடு சேர்ந்த போர்ட்டில் செருகுங்கள். நம் பக்கம் இன்னும் ஏராளமாக ஓடும் எச்61 போர்டுகளில் சிப்செட்டுக்கு யூஎஸ்பி 3 கிடையாது. நீல போர்ட் இருந்தால் அது வேறு கம்பெனி சிப் வழியாக வருவது. அந்தச் சிப்புக்கும் ஒரு டிரைவர், டாங்கிளுக்கும் ஒரு டிரைவர். டாங்கிளைக் கருப்பு போர்ட்டுக்கு மாற்றினாலே ஹேங் நின்றுவிடுவது உண்டு. கடைசியாக, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் கார்டு வேறு கதை. ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய எச்பி லேப்டாப்களில் பயாஸில் ஒரு பட்டியல் உண்டு; அதில் இல்லாத கார்டைப் போட்டால் "104" என்ற எண்ணோடு, ஆதரவில்லாத வயர்லெஸ் சாதனம், சிஸ்டம் நிறுத்தப்பட்டது என்று சொல்லிக் கருப்புத் திரையிலேயே நிற்கும். பழைய லெனோவா, திங்க்பேட்களில் அதற்கு "1802" என்று எண். போர்டு போகவில்லை, கார்டைக் கழற்றினால் எழுந்துவிடும். புதிய எம்.2 கார்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்டெல் 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை முழு வைஃபை கார்டுகள் அல்ல. பாதி வேலை இன்டெல் பிராசசரோடு வரும் சிப்செட்டுக்குள் நடக்கிறது. சிஎன்விஐ என்று பெயர். ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் போர்டிலோ அவற்றைப் போட்டால் கார்டு தெரியவே தெரியாது. சில போர்டுகள் பூட் கூட ஆகா. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுக் கார்டுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஸ்லாட்டிலும் சரியாகவே உட்காரும். லேபிளைப் படிக்காமல் போடாதீர்கள்.

பழைய கார்டுகளுக்குப் புது டிரைவர் ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ரலிங்க்கை மீடியாடெக்கும், ஏதெரோஸைக் குவால்காமும் 2011இல் வாங்கிக்கொண்டன. டிரைவர் எழுதும் முறையையே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இலும் 11இலும் மாற்றியது. பழைய சிப்புக்காக யாரும் புதிதாக உட்கார்ந்து எழுதுவதில்லை. விண்டோஸ் 8 காலத்து டிரைவரே இன்றும் ஏறி, ஓடுவதுபோல் தெரிந்து, திடீரென்று நிற்கிறது. இந்த நிலையில் டிரைவரைத் தேடி அலைவதைவிடக் கார்டை மாற்றச் சொல்வதே நேர்மை.

லினக்ஸ் போட்டால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ரியல்டெக் 8821சிஇ கார்டுதான் இதற்குச் சான்று. லினக்ஸ் கெர்னலில் அதன் டிரைவர் பாக்கெட்டுகளை வாங்கும் முறையை 2021இல் மாற்றிய பிறகு, இன்டெல் லேப்டாப்கள் பல எந்த நேரமும் உறையத் தொடங்கின. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை மின்சாரம் சேமிக்கத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற வசதியோடு கார்டு ஒத்துப்போகவில்லை என்று கெர்னல் எழுதுவோர் கண்டுபிடித்து, பாக்கெட்டுகளை வாங்கும் நேரத்தில் ஏஎஸ்பிஎம்மை அணைக்கும்படி டிரைவரைத் திருத்தினார்கள். நமக்கு இதில் இரண்டு பாடம். லினக்ஸ் சிஸ்டம் உறைந்தால் கெர்னலைப் புதுப்பியுங்கள், இல்லையேல் டிரைவரில் ஏஎஸ்பிஎம்மை அணையுங்கள். விண்டோஸில் உள் கார்டு தொல்லை கொடுத்தால், பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தலைப்பின் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்து பாருங்கள். மாற்றம் எதைச் செய்தாலும் ஷட் டவுன் செய்து போடாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் சிஸ்டத்தில் ஷட் டவுன் கெர்னலை அப்படியே சேமித்து வைக்கிறது. பழைய நிலையே திரும்பி வரும்.

எல்லா ஹேங்கும் வைஃபையால் வருவதில்லை. சாகும் தறுவாயிலிருக்கும் ஹார்டு டிஸ்க், கெட்ட ரேம், நம் ஊர் மே மாத வெயிலில் தூசி அடைத்த பிராசசர் ஃபேன் என்று வேறு காரணங்களும் உண்டு. கார்டைக் கழற்றிய பிறகும் ஹேங் தொடர்ந்தால் அவற்றைப் பாருங்கள். ஆனால் அவற்றைச் சோதிக்க நேரமும் மாற்றுப் பொருளும் வேண்டும். டாங்கிளைப் பிடுங்க ஒரு விநாடி போதும். எளிதானதை முதலில் பாருங்கள் என்பதுதான் என் வாதம்.

விற்கும்போதும் நம் கடமை ஒன்று இருக்கிறது. வயர்லெஸ் சாதனத்துக்கு மத்திய அரசின் ஈடிஏ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது ரேடியோவுக்குத்தான் சான்று, டிரைவருக்கு அல்ல. டாங்கிள் விற்றால் பில்லில் சிப்பின் பெயரையும், அது எந்த விண்டோஸில் ஓடும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்தச் சிஸ்டத்தைத் திறக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம், பக்கத்துக் கடைத் தம்பியாகவும் இருக்கலாம். இருவருக்கும் அது உதவும். மீசேவா மையம், நெட் சென்டர், தொழிற்சாலை அலுவலகம் போன்ற இடங்களுக்கு டாங்கிளே விற்காதீர்கள். ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு லான் கேபிள் இழுத்துக் கொடுங்கள். கேபிளில் ஓடும் சிஸ்டத்தில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை.

ஃபார்மேட்டுக்கு வாங்கும் கூலியைக் காரணம் கண்டுபிடித்ததற்கு வாங்குங்கள், மனமுவந்து தருவார்கள். ஃபார்மேட் தவிர்க்க முடியாதது என்றால், டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, வாடிக்கையாளர் முன்னாலேயே திறந்து காட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். காரணம் கண்டுபிடிப்பதையும் டேட்டாவைக் காப்பதையும் நம் வட்டாரத்துக் கடைகள் எல்லாம் இன்றே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து ஒரு சர்வீஸ்காரர்